மைத்துனன் பக்கத்தில் இருக்கையில்

வீடு மாற்றிக் கொடுக்கிற தொழிலில் அவருக்கு ‘பீரோ’ என்றே பெயர். இளவயதில் இரும்பு பீரோ ஒன்றைத் தனியாளாக முதுகில் சுமந்து மாடியேற்றியவர். அப்பேர்ப்பட்டவருக்கு விலா எலும்பு முறிந்தது எப்படித் தெரியுமா? மைத்துனன் கட்டிப்பிடித்ததில்! அவனுக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷம், “மாமா!” என்று ஓடிவந்து அணைத்தான். மளுக்கென்று சத்தம் கேட்டது.

பாவம், பயல் ஆடிப்போய்விட்டான். அன்றிலிருந்து நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், டாக்டர் அறைக்குள்ளும் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டான். அங்கேதான் வந்தது வினை.

“தாம்பத்தியம் எல்லாம் எப்படி?” என்று கேட்டார் டாக்டர்.

சம்சாரத்தின் கூடப்பிறந்த தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு உண்மையான பதில் சொல்ல எந்த ஆம்பளையால் முடியும்? “அதுக்கென்ன டாக்டர், அமோகமா இருக்கு” என்று மீசையைத் தடவினார் பீரோ. மைத்துனன் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தான். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு திரும்பினார்கள்.

விலா கூடியது. வேலைக்குப் போன முதல் வாரமே, இறுகிக் கிடந்த மேசை இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தார். இழுப்பறை வரவில்லை, மணிக்கட்டு முறிந்தது. இவருக்குத் தெரிந்த ஒரே தொழில் சுமப்பது. எலும்பு கைவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

இந்தத் தடவை அவரோடு வந்தது மனைவி. டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். மனிதர் அதே பொய்யைச் சொன்னார்.

“பொய் டாக்டர்” என்றாள் அவள். “வருஷக்கணக்கா ஒண்ணும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். தினம் சவரம் பண்ணின மனுஷன், இப்ப பத்து நாளானாலும் தாடி முளைக்கலை. எப்பப் பார்த்தாலும் அசதி.”

தரை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. வெளியே வந்ததும் பல்லைக் கடித்தார். “என் மானத்தை வாங்கிட்டியேடி!”

“மானம் போனாப் போகட்டும். கையும் காலும் இருக்கட்டும்” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோதும் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

“ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைஞ்சிருக்கு” என்றார் டாக்டர். “அதுல கொஞ்சம் உடம்புக்குள்ளேயே பெண் ஹார்மோனா மாறும். ஆம்பளைங்க எலும்பு கரையாம காவல் காக்கிறதுல அந்தப் பெண் ஹார்மோனுக்குத்தான் பெரிய பங்கு. ஆண் ஹார்மோன் வரத்தே இல்லைன்னா ரெண்டும் போச்சு.”

“எனக்குள்ளேயா? பெண் ஹார்மோனா?” பீரோவின் மீசை துடித்தது.

“எல்லா ஆம்பளைக்கும் உண்டுய்யா. காரணத்தைக் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ணலாம். எலும்பு தேற நாளாகும், ஆனா தேறும். அந்த அம்மா சொல்லலைன்னா நான் இன்னும் சுண்ணாம்பு மாத்திரையே எழுதிக்கிட்டிருப்பேன்.”

அவருக்கு உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தால், மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள்.

“ஏம்மா, அதான் சரியாயிடும்னு சொல்றாரே?” என்றார் பீரோ.

“அப்ப... இது நோய்தானா?” என்று அவள் டாக்டரைத்தான் கேட்டாள். “வேற ஒண்ணும் இல்லையே?”

“நோயேதான்.”

“நான் கிழவியாயிட்டேன், இவருக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன் டாக்டர். இவ்வளவு நாளும்.”

தன் கௌரவம் போகுமே என்று இவர் வாயைப் பூட்டியிருந்தார். இவளோ, தன்னை வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டே, அதையும் அந்நியர் முன்னால் போட்டு உடைத்து இவரைக் காப்பாற்றியிருக்கிறாள். கட்டுப் போடாத கையால் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். டாக்டர் பார்க்கிறார் என்ற வெட்கமெல்லாம் பறந்துவிட்டது.

“உன்னையா பிடிக்காமப் போகும்? உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியாமத்தானேடி சுவரைப் பார்த்துப் படுத்தேன்.”