சொல்ல வந்தது

முதல் கட்டுரையில் பெயின்டர் தேறவில்லை. ஓரத்தில் ஆசிரியை ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: "நீங்கள் சொல்ல வந்தது என்ன?"

பாதி வாழ்நாள் கட்டடங்களுக்கு வர்ணம் அடித்தவர் அவர். பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஆகிவிட வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்திருந்தார். அந்தப் படிப்புக்கு வாசற்படியே இந்த ஆங்கிலக் கட்டுரைப் பாடம். இதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது.

மனைவி அந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து நானும் இதத்தான் கேக்குறேன். உப்பு வாங்க அனுப்பினா, கடைக்காரரோட மாமனார் ஆபரேஷன்லேருந்துல்ல ஆரம்பிப்பீங்க!"

அடுத்த தலைப்பு, வேலை செய்யும் இடத்தில் மாற வேண்டிய ஒன்று. அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன வருடம் மனைவியின் தம்பி அவர் கண்ணெதிரே சாரத்திலிருந்து விழுந்திருந்தான். அகராதியும் கையுமாக உட்கார்ந்து எழுதினார். அன்றைய வெயில், வர்ணத்தின் நிறம், அவன் அடித்த ஜோக், பிறகு அந்தச் சத்தம். உயரத்தில் ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ள வேண்டிய பாதுகாப்பு பெல்ட்டுகள் எல்லாம் தொலைந்துவிடக் கூடாதென்று சாமான் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன என்பது கடைசி வரியில் வந்தது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை அவரை நிறுத்தினார்.

"இந்தக் கடைசி வரிதான் உங்க கட்டுரை. இதத் தூக்கி முதல்ல வைங்க."

பெயின்டருக்குச் சுருக்கென்றது. "விழுந்தது என் மச்சான், மேடம். எடுத்த எடுப்புல பூட்டப் பத்திப் பேசினா, அவன் யாருன்னு எப்படித் தெரியும்?"

"அவர எடுக்கச் சொல்லலையே. ஒரு தடவ திருத்தித் தரலாம். யோசிங்க."

யோசிக்கிற மனநிலையில் அவர் இல்லை. நேரே மச்சான் வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் பொறுமையாகக் கேட்டான்.

"மாமா, நான் விழுந்த கதைய ஊரே உச்சுக் கொட்டிக் கேட்டாச்சு. பூட்டு மட்டும் அப்படியேதான் தொங்குது."

பெயின்டர் பையிலிருந்து கட்டுரையை எடுத்து, கடைசி வரியை மறுபடி படித்தார். மச்சான் தொடர்ந்தான்.

"எழுதுங்க. ஆனா தூங்கி விழுந்துட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க, அக்கா நம்பிடுவா."

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தார். முதல் வாக்கியத்தையே எத்தனையோ விதமாக எழுதி அடித்தார். கடைசியில் அது குட்டையாக வந்து நின்றது: "பெல்ட் வைக்கும் அறையைப் பூட்டக் கூடாது." அதன் கீழே, ஏன் என்பதற்குச் சாட்சியாக மச்சானை நிறுத்தினார். வெயிலை எடுத்துவிட்டார். ஜோக்கை எடுக்க மனம் வரவில்லை, விட்டுவைத்தார்.

தேறிவிட்டார். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை. ஜோக்குக்குப் பக்கத்தில் ஆசிரியை ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு பிரதியைக் காண்டிராக்டரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே முதல் வரியைப் படித்தார். முகம் சிவந்தது.

"பெல்ட் காணாமப் போனா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு, சார். தினமும் நானே எண்ணி வாங்கி வச்சிடறேன்."

காண்டிராக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அவர் கையில் போட்டார்.

பெயின்டர் அறையைத் திறந்து, தூசி படிந்த பெல்ட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.