ஒட்டு முடியட்டும்

“கொஞ்சம் தூக்கிப் பிடி, சின்னு. சோபாக் காலு வயர்ல மாட்டுது,” என்றார் அத்தான், அக்காவின் கணவர்.

சின்னவள் குனிந்து மோடத்தின் வயரை உருவினாள். அதோடு சேர்ந்து அப்பாவின் தொலைபேசி வயரும் வந்தது. கூடத்தில் இடம் செய்தாக வேண்டும். அப்பாவை ஏற்றிய வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாம். எல்லோரும் அவளிடம் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவளும் செய்துகொண்டே இருந்தாள். அப்பா இறந்துவிட்டார் என்பது காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

மாடி வீட்டம்மா வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். “துணி காயப்போட வந்தவ எட்டிப் பார்த்தேன். நாற்காலியில சாஞ்சு தூங்குறாருன்னு நெனச்சேன். மடியில போன் ரிசீவர் கெடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வலி வந்து கொஞ்ச நேரமாவது இருந்திருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. யாருக்காவது ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி வந்திருக்கும்.”

ஏன் பண்ணவில்லை என்று சின்னவளுக்குத் தெரியும்.

அவள் வேலை பார்த்தது கேபிள் இணைய நிறுவனத்தில். இணையத்தை வெளிச்சமாகக் கடத்தும் கண்ணாடி இழை இதுவரை பெரிய சாலை வரைக்கும்தான் வந்திருந்தது. அங்கிருந்து வீடுகளுக்குப் பழைய செப்புக் கேபிள். இப்போது இழையை ஒவ்வொரு தெருவின் கம்பம் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். இன்று காலை அப்பாவின் தெரு. வரிசையை மாற்றி அதை முன்னால் போட்டவளே அவள்தான். “ஊருக்கெல்லாம் வெளிச்சத்தை அளந்து விக்கிறா என் பொண்ணு. என் வீட்டுல படம் நின்னு நின்னு வருது,” என்று அப்பா சீண்டிக்கொண்டே இருந்தார்.

வேலை முடியும்வரை தெருவில் இணையமும் இருக்காது, அதில் ஓடும் தொலைபேசியும் இருக்காது. சந்தாதாரர்களுக்கெல்லாம் குறுஞ்செய்தி போனது. ஊழியர் வீட்டு இலவச இணைப்புக்கு அது போகாது. சொந்த வீட்டில் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அவள் மறந்துவிட்டாள். வாங்கிக் கொடுத்த செல்போனையோ அப்பா பெட்டி பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார்.

இவ்வளவையே அவளால் விழுங்க முடியவில்லை. அப்போதுதான் ஒட்டுக்காரர் வந்தார்.

இழைகளின் நுனியைச் சுட்டு ஒட்டுகிறவர் அவர். காலையில் கம்பத்தடியில் உட்கார்ந்து அவர் ஒட்ட ஒட்ட, அலுவலகத்தில் இவள் திரையைப் பார்த்து வெளிச்சம் சரியாக வருகிறதா என்று சொன்னாள். முடியும்வரை இருவரும் ஒரே போன் அழைப்பில்தான் இருந்தார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் இடித்துக்கொண்டார்.

“மேடம், ஒரு நிமிஷம்.” சமையலறைக்குள் வந்ததும் கேட்டார்: “இவரா உங்க அப்பா?”

“ஆமா.”

“ஐயோ, எனக்குத் தெரியாதே மேடம்! காலையில கம்பத்துக்கிட்ட வந்தாரு. நெஞ்சைத் தடவிக்கிட்டே நின்னாரு. வெயில்தான் ஒத்துக்கலன்னு நெனச்சேன். வீட்டு போன் செத்துக் கெடக்கு, உங்க போனைக் குடுங்க, ஒரே ஒரு கால்னு கேட்டாரு. அதுலதான் நாம பேசிக்கிட்டு…”

காலையில் அந்த அழைப்பில் கேட்டதெல்லாம் அவளுக்குத் திரும்பக் கேட்டது.

ஜெனரேட்டர் இரைச்சல். அதற்கு நடுவே யாரோ ஒரு பெரியவரின் குரல். ‘மேடம், ஒருத்தர் போன் கேக்குறாரு. கட் பண்ணிட்டுக் குடுக்கட்டுமா?’ பாதியில் விட்டால் இழையில் தூசி ஏறிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ‘யாரா இருந்தாலும் இருக்கச் சொல்லுங்க. ஒட்டு முடியட்டும்,’ என்றாள்.

பிறந்ததிலிருந்து கேட்ட குரல்.

“முடிச்சிட்டு நிமிர்ந்தேன், ஆளைக் காணோம்,” என்றார் ஒட்டுக்காரர். “யாராவது கேட்டா, நான்தான் குடுக்கல. நீங்க லைன்லயே இல்ல. சரியா?”

அவள் மாடி வீட்டிலிருந்து வந்த டீ பிளாஸ்கைத் திறந்தாள். “டீ குடிக்கிறீங்களா?”

“மேடம்…”

“சர்க்கரை போடலாம்ல?”

கூடத்தில் அக்காவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா யாரிடம் கடைசியாக என்ன பேசினார் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா புது மிக்ஸி வாங்கியதற்கு, ‘பழசு சத்தம் போட்டா என்ன, நீ போடலையா?’ என்றாராம். யாரோ சிரித்தார்கள், சிரித்த வாயோடு அழுதார்கள்.

“அது போன வாரம். அப்புறம் நான் பேசவே இல்லையே,” என்று அக்கா விம்மினாள். “சின்னு, நீ எப்போடி பேசின?”

வாசலோரம் டம்ளருடன் நின்ற ஒட்டுக்காரர், வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார்.

“காலையில,” என்றாள்.

“காலையிலயா? என்ன சொன்னாரு?”

இரைச்சலுக்குப் பின்னால், விலகிப் போய்க்கொண்டே அந்தக் குரல் சொன்னது இப்போதுதான் அவளுக்கு முழுதாகக் கேட்டது.

“‘நீங்க வேலையைப் பாருங்கப்பா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல’ன்னாரு.”

“அப்பாவேதான்,” என்று அக்கா அவள் தோளில் சாய்ந்தாள். யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டில் டி.வி. சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது, நின்று நின்று அல்ல, ஒரே சீராக. யாரோ ஓடிப்போய்க் குறைத்தார்கள்.