மாடியில் சந்தேகம், கூடத்தில் டிவி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொண்டாலும் சரிதான். ஒரு டிவி திக்கித் திக்கி ஓடி, ஒரு குடும்பத்தையே இரண்டாக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி சாப்பாட்டுப் பை தைக்கிறவள். சூடு ஆறாமல் இருக்க உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கும் துணி வைத்துத் தைப்பாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பைக்காரி என்றே பெயர். தம்பி மனைவியை அவள் மனசுக்குள் மாடிக்காரி என்பாள். முகத்துக்கு நேரே 'அம்மாடி'.

பைக்காரிக்குத் துப்பறியும் தொடர் என்றால் உயிர். கணவர் அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருப்பார். கம்ப்யூட்டர் உள்ளறையில், அங்கிருந்து வைஃபை வழியாகக் கூடத்து டிவிக்குப் படம் வரும். மிஷினை மிதித்துக்கொண்டே பார்ப்பாள்.

மாடிக்காரி வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய அதே வாரம் டிவி திக்க ஆரம்பித்தது. கொலைகாரன் கதவைத் திறப்பான். பாதிக் கதவில் அப்படியே நிற்பான். வட்டம் சுற்றும். சுற்றி முடிந்தால் ஆள் சோபாவில் உட்கார்ந்திருப்பான். நடுவில் என்ன செய்தானோ, யார் கண்டார்கள்?

"எல்லாம் மேல இருக்கிறவ வேலை," என்றாள் பைக்காரி.

"இருடி, முதல்ல பார்ப்போம்," என்று கணவர் நீளமான கேபிள் ஒன்றைக் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு இழுத்து மாட்டினார். படம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பார்த்தீங்களா! கம்ப்யூட்டரும் நல்லாருக்கு, டிவியும் நல்லாருக்கு. நடுவுல வைஃபையைத்தான் ஒருத்தி முழுங்குறா."

"சரி, கேபிளே கிடக்கட்டுமே."

"நடைபாதையில கிடந்து நான் தடுக்கி விழணும், அதானே உங்க ஆசை?"

அன்றிலிருந்து அவளுக்குக் காதெல்லாம் கூரையில். மேலே நாற்காலி நகர்ந்தால் டிவியைப் பார்ப்பாள். டிவி நின்றால் கூரையைப் பார்ப்பாள். படிக்கட்டில் மாடிக்காரி சிரித்தால், 'என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?' பேசாமல் போனால், 'மடியில் கனமில்லாமலா பேசாமல் போகிறாள்?' கடைசியில் ஒருநாள் கொழுந்தனைக் கூப்பிட்டு, "நீங்க தனியாப் போயிடுங்க தம்பி," என்று சொல்லியே விட்டாள். அவர்களும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. வேறு வீடு பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டார்கள். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

பைக்காரிக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. போகிறவள் கையும் களவுமாகப் பிடிபட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். படியேறிப் போய், "அம்மாடி, கொஞ்சம் எல்லாத்தையும் அணைச்சு வை," என்றாள். மாடிக்காரி கம்ப்யூட்டரை அணைத்தாள், போனையும் அணைத்தாள். கீழே வந்து பார்த்தால் டிவி அப்போதும் திக்கியது.

"வேற ஏதோ ஒளிச்சு வச்சிருக்கே," என்று இவள் கீழிருந்தே குரல் கொடுத்தாள்.

மாடிக்காரி தடதடவென்று இறங்கி வந்தாள். "என்னக்கா ஒளிச்சேன்? எனக்கு மட்டும் ஒழுங்கா வருதா? ஆபீஸ்ல பேசிட்டிருக்கும்போதே என் மூஞ்சி உறைஞ்சு நிக்குது. நீங்கதான் வேணும்னே வைஃபை சுவிட்சைத் தட்டுறீங்கன்னு நான் நினைச்சிட்டிருக்கேன்! அதான் போகச் சொன்னதும் வாய் திறக்கல."

"நானா? நான் ஏன்டி தட்டணும்?"

"அப்ப நான் ஏன் முழுங்கணும்? வைஃபை பெட்டி எங்க?"

டிவிக்குப் பக்கத்து அலமாரியில் பைக்காரி கைகாட்டினாள். அங்கே பெட்டியைக் காணோம். பூப்போட்ட உறை ஒன்றுதான் இருந்தது. மாடிக்காரி அதைத் தூக்கினாள். அடியில் பெட்டி. உறையின் உள்பக்கம் மினுமினுவென்று சாப்பாட்டுப் பைத் துணி. டிவியில் கொலைகாரன் சட்டென்று ஓடத் தொடங்கினான்.

"நீ கையில ஏதோ பண்ணிட்டே," என்று பைக்காரி உறையைப் பிடுங்கித் திரும்பப் போர்த்தினாள். வட்டம் சுற்றியது. தூக்கினாள், ஓடியது. மறுபடி போர்த்தினாள், மறுபடி தூக்கினாள். இனி எதைச் சொல்லியும் தப்பிக்க வழியில்லை.

"சூட்டை விடாத துணி, வைஃபையை மட்டும் விட்டுடுமா?" என்றார் சத்தம் கேட்டு வந்து பார்த்த கணவர். "தம்பி பொண்டாட்டி வேலைக்கு வேண்டிய பெட்டி, தூசி படக்கூடாதுன்னு நீதானே உட்கார்ந்து தைச்சே."

மாடிக்காரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் நான்கு மடிப்பு, பிசிறில்லாத தையல். "எனக்காகவா?"

பைக்காரிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அந்தப் புது வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துடு அம்மாடி."

"கொடுக்கலாம். நாளைக்குத் தண்ணி மோட்டார் நின்னுபோனா யாரைச் சந்தேகப்படுவீங்க?"

பைக்காரி யோசித்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. "உன்னைத்தான். ஆனா கூரையைப் பார்த்துப் பேச மாட்டேன். மேல வந்து உன்கிட்டயே கேப்பேன்."

"நானும் அன்னைக்கே இறங்கி வந்து சண்டை போடுவேன். சம்மதமா?"

"போடேன். ஆனா என் தொடர் முடிஞ்சப்புறம் வா."

மாடிக்காரி சிரித்துவிட்டாள். அவள் கணவர் அன்றைக்கே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் மனத்தாங்கல் வந்தால் அன்றைக்கே வாய் திறந்து பேசித் தீரட்டும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் சிரித்துச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.