மேட்டு டப்பாவின் பங்கு

நான் பெரிய நியாயவான் என்று எனக்கு ஒரு நினைப்பு. எங்கள் இன்டர்நெட் கம்பெனியின் ஃபைபர் கேபிள் கடைத்தெரு மொட்டை மாடி வரைதான் வரும். அங்கிருந்து வயர்லெஸ். ஆறு கம்பங்களில் ஆறு டப்பாக்கள், ஒவ்வொன்றிலிருந்தும் சுற்றியுள்ள வீடுகளுக்கு இணைப்பு. கேபிளில் வரும் வேகத்தை ஆறு சம பங்காக வைத்தவன் நான்தான். மேட்டுத் தெருக்காரர்கள் மட்டும் ஒரு மாதமாகப் புலம்பினார்கள். மழை, மரம், உங்கள் பழைய போன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

அந்தத் தெருவுக்குத்தான் போன வாரம் என் அக்கா குடிவந்தாள். அவளுக்கு வேலை போய்ப் பதினாலு மாதம். இன்று பதினொரு மணிக்கு வீடியோவில் கடைசிச் சுற்று நேர்காணல்.

பத்தே காலுக்கு, சோதித்துப் பார்க்க என்னை அழைத்தாள். திரையில் அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

கம்பம் ஏறும் டெக்னீஷியனை அனுப்பினேன். ஆள் நல்ல உயரம் என்பதால் அவருக்கு ஏணி என்று பெயர். மேலே இருந்து போனில் சொன்னார்: "ஆன்டெனா கிண்ணுனு இருக்கு சார். சிக்னல்ல ஒரு குறையும் இல்ல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா வீட்டுக்கு மட்டும் முன்னுரிமை போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள்.

"பக்கத்து வீட்டு டீச்சர், ஆன்லைன் கிளாஸ் பாதில நின்னுபோச்சுன்னு கதவத் தட்டுறாங்க. என்னடா பண்ணித் தொலைச்ச?"

"உனக்காகத்தான்..."

"அடுத்தவங்க வயித்தெரிச்சல்ல எனக்கு வேலை வேணாம். எடுத்துரு."

எடுத்தேன். ஏணி இன்னும் கம்பத்தில்தான் இருந்தார்.

"சார், இந்த டப்பால எத்தனை வீடு?"

"பத்தொம்பது."

"கடைத்தெரு டப்பால?"

"மூணு" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. டப்பாவா உட்கார்ந்து படம் பார்க்கிறது? மூன்று வீட்டுக்கும் பத்தொன்பது வீட்டுக்கும் ஒரே பங்கு கொடுத்துவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயர் வேறு வைத்திருந்தேன்.

வீட்டுக்கு ஒரு பங்கு என்று மாற்றி எழுதினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். டப்பாக்கள் அணைந்து மறுபடி எரிந்தபோது மணி பத்து ஐம்பத்தாறு. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"ரெண்டு தடவை நின்னுபோச்சுடா."

எனக்கு உயிரே போய்விட்டது.

"அவங்க பக்கம்" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "எங்க நெட் சரியில்ல, மன்னிச்சுக்கோங்கன்னு எங்கிட்டயே கேட்டாங்க. திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்கடா."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.