காலியாக விட்ட வட்டம்

தெலேசியாஸின் முந்தைய நாடகத்தை ஏதென்ஸ் மக்கள் குதிகாலால் இருக்கைப் பலகைகளை உதைத்தே நிறுத்திவிட்டார்கள். இந்த முறையும் அதே கதி என்றால் நகரம் அவனுக்கு இனிப் பாடற்குழு தராது. குழு இல்லாதவன் கவிஞனே இல்லை.

அப்படியிருந்தும் நாடகத்தின் நடுவே, குழு ஆடிப்பாடும் வட்டமான ஆடுகளத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தான்.

"புத்தி பிசகிடுச்சாய்யா உனக்கு?" மேடைவீட்டின் பின்னால் நின்று பல்லைக் கடித்தான் நௌசிக்ளேஸ். குழுவின் செலவு அவனுடையது. "மாசக்கணக்கா விலாங்குமீனும் தேனும் ஊட்டி வளர்த்த பசங்களைப் பாதியில வெளிய துரத்தறதா? கொலையையாவது காட்டு. பொணத்தைச் சக்கரப்பலகையில வெளிய தள்ளு."

"அரண்மனைக் கதவு மூடியே இருக்கட்டும்."

"மூடின கதவைப் பார்க்கவா வந்திருக்காங்க? அது அவங்கவங்க வீட்டுலயே இருக்கு!"

அரசி வேடமிட்டிருந்த பெயித்தியாஸ் சிரித்தான். "பிடிக்கலைன்னு ஜனங்க வீசற அத்திப்பழம் பறந்து வந்தா என் மண்டையிலதான் விழும். இவருக்கென்ன!" முகமூடியை மாட்டிக்கொண்டு நடந்தான்.

பாடியவர்கள் வெளியேறினார்கள். வெயில் விழுந்த வட்டத்தில் யாருமில்லை. தெலேசியாஸ் மேடைவீட்டுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தான். அந்த வெறுமையை எழுதத்தான் அவனுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆகியிருந்தது.

ஆடுகளத்தின் துறைமுகப் பக்க நுழைவழியில் அரசி வந்தாள், கையில் இறந்த மகனின் மேலங்கியோடு. மகனைப் பகைவனிடம் காட்டிக்கொடுத்த கணவன் அரண்மனைக்குள் இருக்கிறான். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நீண்ட வழி. அதைவிட நீண்டது வட்டம்.

மேல் வரிசையில் ஒரு குதிகால் தட்டியது. இன்னொன்று.

"சும்மா இருடா, கழுதை!" என்றது ஒரு குரல்.

தட்டல் நின்றது.

அரசி கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். மூடினாள்.

இப்போது பார்க்க எதுவுமே இல்லை. ஆனால் மலைச்சரிவில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க அந்தக் கதவையே பார்த்தது. முன்வரிசைப் பூசாரி தன்னை அறியாமல் எழுந்து நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து ஓர் ஆணின் அலறல் கேட்டபோது, ஆயிரமாயிரம் பேர் ஒரே உடம்பாகத் துடித்தார்கள்.

போட்டியின் கடைசி நாளில் அறிவிப்பாளன் முதலில் அழைத்த பெயர் தெலேசியாஸ். வென்றவனுக்கான ஐவிக்கொடி மாலை தலையில் ஏறியது. நௌசிக்ளேஸ் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தினான்: "நான்தாம்பா சொன்னேன், கதவைத் திறக்காதேன்னு!"

அமைதியையே விரும்பும் தெலேசியாஸ், அன்று வாய்விட்டுச் சிரித்தான்.