சாலையில் அடித்த உளுந்து

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி தனகோடிக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. உப்பு ஏறி ஏறி, போட்டது எதுவும் விளங்காமல் போன நிலம். சுற்றியிருந்தவர்களெல்லாம் உப்பளக்காரர் பக்கிரியிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த மனுஷன் மட்டும் வீம்பாகப் பிடித்துக்கொண்டிருந்தான். காரணம், ஆராய்ச்சிக்காரப் பெண் சத்யப்ரியா அங்கே போட்டிருந்த உளுந்து.

உப்பைத் தாங்கும் ரகம் ஒன்று, காய்ப்பு அற்பம். கொத்துக்கொத்தாய்க் காய்ப்பது இன்னொன்று. உப்புப் பட்டால் கருகிவிடும். இரண்டையும் கலந்து எடுத்த பேரப்பிள்ளைச் செடிகள்தான் வயல் முழுக்க. "ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரிண்ணா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி," என்பாள். இலையைக் கிள்ளிப்போய் மரபணுவும் பார்த்துவிட்டாள். இரண்டு குணமும் சேர்ந்து வந்தவை ஏழெட்டுச் செடிதான். அந்த விதை கைக்கு வந்தால் தனகோடியின் நிலம் பிழைத்தது. செடிக்குச் செடி நம்பர் சீட்டு கட்டி, அவை எந்த நம்பர் என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டு, "ஒண்ணுகூடத் தொலையக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தாள்.

மாசியில் எவனாவது மழையை எதிர்பார்ப்பானா? சாயங்காலம் கனமழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அவள் போன் ஸ்விட்ச் ஆஃப். முற்றி நின்ற உளுந்து நனைந்தால் காயிலேயே முளைத்துவிடும். தனகோடியும் மனைவி பாப்பாத்தியும் விழுந்தடித்துக்கொண்டு அத்தனையையும் பிடுங்கி, ஊர் வழக்கப்படி தார்ச்சாலையில் பரப்பினார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுத்தன. தூறல் விழுவதற்குள் தூற்றி மூட்டை கட்டியாயிற்று. அப்பாடா!

மறுநாள் சத்யப்ரியா ஓடிவந்தாள்.

"ஒரு மணி வீணாகலம்மா. சீட்டுங்களையும் ஒண்ணு விடாம அவுத்து, நனையாம கவர்ல போட்டு வெச்சிருக்கேன்."

கவரை நீட்டும்போது அவன் முகத்தில் என்ன பெருமை! பாவி மனுஷன்.

அவள் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டாள். எல்லாம் ஒரே கறுப்பு. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஏழெட்டுச் செடி விதையும் இதுக்குள்ளதானம்மா இருக்குது? பொறுக்கிடலாம்ல?"

"இருக்குதுங்கண்ணா. எதுன்னுதான் யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் மறுபடி விதைச்சுத் தேடணும், நாலஞ்சு வருஷமாவது ஆகும். எங்க ப்ராஜெக்ட் அடுத்த மாசத்தோட முடியுது."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

அவள் போனதும் பக்கிரிக்குப் போன் போட்டான். "நிலத்த எடுத்துக்கங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

"இந்த மூட்டைய இன்னா பண்றது?" என்றாள் பாப்பாத்தி.

"இட்லிக்கு ஊறப் போடு," என்றான். சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.