அணைக்கக் கூடாத இன்ஜின்

சாப்பிட நிறுத்தியிருந்த எங்கள் லாரியின் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். கையிலிருந்த தேநீர் என் மடியில் கொட்டியது.

அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கவே வழியில்லை. உறைந்த ஆற்றின் மேல் போகும் பனிச்சாலை. மைனஸ் ஐம்பது டிகிரிக்கும் கீழே. நண்பகலிலும் எதிரே பத்தடி தெரியாத மூடுபனி. இந்தக் குளிரில் நடந்து வருவது மனிதனாக இருக்காது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

என் கணவர் எர்ச்சிம் உறைந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்காமலே கதவைத் திறந்தார்.

இளைஞன் ஒருவன். தலையில் தொப்பி இல்லை. புருவமெல்லாம் பனி. ஆனால் கன்னம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. இந்தக் குளிரில் வெளுக்க வேண்டிய கன்னம்.

"அண்ணே, எங்கண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறான்" என்றான், கதவைப் பிடித்து ஆடியபடி.

"ரெண்டு பேரும் ஏத்திக்கிட்டீங்களா?" என்றார் எர்ச்சிம்.

குனிந்து மோந்து பார்த்தேன். வோட்கா வாசனை இல்லை. டீசல் புகைதான் அடித்தது.

"பேரு என்னப்பா?" என்றேன்.

"தோலோன். அண்ணன் உய்பான். நேத்து எங்க லாரி ஆக்சில் ஒடைஞ்சுடுச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறோம்."

"இன்ஜின்?" என்றார் எர்ச்சிம்.

"அது ஜம்முனு ஓடுதுண்ணே. ராத்திரி பூரா நிக்கவே இல்ல."

எங்கள் ஊரில் ஆளை விசாரிப்பதற்கு முன் இன்ஜினைத்தான் விசாரிப்போம். அக்டோபரில் கிளப்பினால் ஏப்ரல் வரை அணைப்பதில்லை. அணைத்தால் டீசல் நெய்யாக உறையும், ஆயில் கல்லாகும். அப்புறம் வசந்தத்தில்தான் வண்டியைப் பார்க்கலாம். போன மாதம் என் நாத்தனார் கல்யாணத்தில்கூட எங்கள் லாரி வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. "பாட்டு கேக்க விடுங்கடா" என்று பெரியப்பா கடைசி வரை திட்டிக்கொண்டிருந்தார்.

தோலோனை ஏற்றிக்கொண்டு வளைவைத் தாண்டினோம். லாரி தெரிந்தது. பானெட்டின் மேல் தடித்த மெத்தை. வண்டியைச் சுற்றி, பாவாடை கட்டியதுபோலத் தரை வரைக்கும் தார்ப்பாய். காற்று அடித்துக் குவித்த பனி பின்பக்கமும் ஒரு பக்கக் கதவோரமும் மேடாகியிருந்தது. சைலன்சரின் வாய் அதற்குள் எங்கோ புதைந்திருந்தது.

வெளியே போக வழியில்லாத புகை மேலே கேபினுக்குள்தான் ஏறியிருக்கும். தோலோனின் கன்னம் சிவந்ததும் அந்த நச்சுப் புகையால்தான்.

"தார்ப்பாய் கட்டினது யாரு?"

"நான்தான்க்கா. சூடு போயிடக் கூடாதுன்னு."

எர்ச்சிம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார். இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கைப் பலகையில் உய்பான் எருதுபோலக் கிடந்தான். மறுபக்கக் கதவு பனிச்சுவரில் முட்டித் திறக்கவில்லை.

"இவன் கால் மாட்டிக்கிச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "துயாரா... தலை சுத்துதுடி."

அந்தக் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல இழுத்தது.

"வெளிய வாங்க."

"இரு... இரு..."

அவர் கை வெறும் இருக்கையைத் துழாவிக்கொண்டிருந்தது. புகை வெளியேறட்டும் என்று கீழே தார்ப்பாயை உதைத்தேன். பலகைபோல விறைத்திருந்தது, அசையவில்லை. படியில் ஏறிச் சாவியைப் பிடித்தேன்.

தோலோன் என் மணிக்கட்டைப் பற்றினான். "அணைச்சுடாதீங்கக்கா. வண்டி செத்துரும்."

"உங்கண்ணன் செத்துக்கிட்டிருக்கான்டா. என் புருஷனும் உள்ள இருக்காரு."

"எந்திரிச்சான்னா என்னைக் கொன்னுடுவான்க்கா."

அவன் அழுதுகொண்டிருந்தான். சாவியைத் திருப்பினேன்.

இன்ஜின் ஒருமுறை உதறி நின்றது. ஐயோ என்றிருந்தது எனக்கு.

கதவை அகலத் திறந்துவைத்து எர்ச்சிமின் காலரைப் பிடித்து இழுத்தேன். பனியில் விழுந்து வாந்தி எடுத்தார். பிறகு அவரே தள்ளாடி எழுந்து வந்தார். மூவருமாக உய்பானை உருவி எடுத்து, கலைமான் தோலில் போட்டு இழுத்து, எங்கள் கேபினில் கிடத்தினோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டேன்.

அவன் நெஞ்சு அசைவதாகவே தெரியவில்லை. மீன் கத்தியை அவன் மூக்கருகே பிடித்தேன். இரும்பு அப்படியே பளபளத்தது. கன்னத்தில் அறைந்தேன். தோலோன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மறுபடி கத்தியைப் பிடித்தேன். அது அவன் உதட்டில் இடித்தது.

இரும்பின் மேல் மெல்லிசாக வெள்ளை படர்ந்தது.

"இருக்கான்" என்றார் எர்ச்சிம்.

வெகுநேரம் கழித்து இமை துடித்தது. உய்பான் கண்ணைத் திறக்கவில்லை. எங்கள் லாரியின் உறுமலைக் காது கொடுத்துக் கேட்டான். நெற்றி சுருங்கியது.

"இது நம்ம வண்டிச் சத்தம் இல்லையே... டேய், நம்ம வண்டிய எவன்டா அணைச்சது?"